ஸ்லாஷ் விஎக்ஸ்எல் காரில் 3எஸ் பேட்டரி: போடலாம், பினியனையும் மாற்றுங்கள்

ட்ராக்சாஸ் ஸ்லாஷ் விஎக்ஸ்எல் என்ற ரிமோட் காரில் இருப்பது வெலினியான் 3500 மோட்டார். அந்த 3500 என்பது கேவி எண். அதாவது, சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று. 2எஸ் லைப்போ என்பது இரண்டு செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி, 3எஸ் என்றால் மூன்று செல். 2எஸ்ஸின் 7.4 வோல்ட்டில் 25,900 சுற்று, 3எஸ்ஸின் 11.1 வோல்ட்டில் 38,850. ரிமோட்டின் ட்ரிகரைத் தொட்டதுமே வித்தியாசம் தெரியும். 2எஸ்ஸில் அடக்கமாகக் கிளம்பும் வண்டி 3எஸ்ஸில் முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும்.

வேகத்துக்காக மட்டும் 3எஸ் வாங்குபவர்கள்தான் மோட்டாரைச் சுட்டுவிடுகிறார்கள். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி ஏறக்குறைய 3.4 மடங்காகிறது. மோட்டார் ஷாஃப்டில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனை மாற்றாமல் முழு ட்ரிகரில் ஓட்டினால் இந்தக் கூடுதல் சுமைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். சுருள் சூடாவது ஆம்பியரின் இருமடியில். புல்தரை என்றால் இன்னும் மோசம்.

3எஸ்ஸின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 500 வாட் வேண்டுமென்றால் 2எஸ்ஸிலிருந்து சுமார் 68 ஆம்பியர் வர வேண்டும், 3எஸ்ஸிலிருந்து 45 போதும். வயரிலும் கனெக்டரிலும் வீணாகும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். சிறிய பினியன் போட்டால் இந்த லாபம் மோட்டாருக்கும் கிடைக்கும். மோட்டார் அதிகம் சுற்றும், ஆனால் குறைந்த முறுக்குவிசையே கொடுத்தால் போதும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். அது குறைந்தாலும் 2எஸ்ஸைவிட வேகமாகத்தான் ஓடும்.

இரண்டு பல் குறைந்த பினியனில் தொடங்குங்கள். மோட்டார் ஷாஃப்டின் தட்டையான பகுதிக்கு நேராக, பினியனை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ வர வேண்டும், அது தளராமலிருக்க ஒரு துளி நீல த்ரெட்லாக்கும் வேண்டும். பினியனுக்கும் அதோடு சேரும் பெரிய பல்சக்கரமான ஸ்பருக்கும் நடுவே ஒரு நோட்டுக் காகிதத் துண்டை நுழைத்து, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவுங்கள். காகிதம் கிழியாமல் பல்லின் மடிப்போடு வெளியே வந்தால் இடைவெளி சரி. இறுக்கமாக வைத்தால் ஸ்பர் உருகும், தளர்ந்தால் பல் சீவிவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் உடம்பின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். 80 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 95 தொட்டால் நிறுத்தி, இன்னும் ஒரு பல் குறையுங்கள். சூடு மிஞ்சினால் ரோட்டர் காந்தம் பலமிழக்கும். பிறகு எந்த பேட்டரி போட்டாலும் அது திரும்பாது.

பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தரும் என்று சொல்ல லேபிளில் போடும் சி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 5000 எம்ஏஎச், 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்பியர். ஆனால் பேட்டரியின் உள் மின்தடைதான் நிஜத்தைச் சொல்லும். மொத்தம் 10 மில்லிஓம் இருந்தால் 60 ஆம்பியரில் 0.6 வோல்ட் தொலையும். இந்த மோட்டாரில் அது 2100 சுற்று. பழைய பேட்டரியில் வண்டி சோம்பலாக ஓடுவதற்கு இதுதான் காரணம். நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் மின்தடையையும் காட்டும். ஒரு செல் மட்டும் தனித்து உயர்ந்திருந்தால் அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள்.

லைப்போ போடும் முன், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இஎஸ்சியின் குறைவோல்ட் பாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள், விளக்கு பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பாக இருக்கும்போது ஓட்டினால் செல் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி வீங்கும். மோட்டார் ஃபேனை நேரடியாக பேட்டரியில் இணைத்திருந்தால், முழு சார்ஜில் அதற்கு 12.6 வோல்ட் போகும். 6 வோல்ட் ஃபேன் கருகிவிடும்.

4எஸ் ஆசை வேண்டாம். முழு சார்ஜில் 16.8 வோல்ட், கணக்குப்படி 58,800 சுற்று. மோட்டாரின் உச்சவரம்பு 50,000, இஎஸ்சியின் வரம்பு 3எஸ். எக்ஸ்எல்-5 இஎஸ்சியோடு வரும் பிரஷ் மோட்டார் ஸ்லாஷ் உங்களிடம் இருந்தால் அதற்கு 2எஸ்தான் எல்லை, 3எஸ்ஸைச் செருகவே கூடாது.