1967, 1977: நெல்லை கண்ட இரண்டு ஆட்சி மாற்றங்கள்

1967-இல் இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்த, 234 இடங்களில் 137 பெற்ற தி.மு.க.வின் அண்ணா முதல்வரானார். திருநெல்வேலிக்கு வடக்கே, விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். கார், பிசானம் என்று இருபோகம் விளையும் தாமிரபரணிக் கரையிலும், சொந்த வயலில்லாத கூலிக் குடும்பம் அரிசியை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்ததால், ‘ரூபாய்க்கு ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதியின் கனம் இங்கும் புரிந்தது. ஆனால் அத்திட்டம் சென்னையிலும் கோவையிலுமே தொடங்கப்பட்டது. நெல் விளைந்த சீமைக்கு அது எட்டாமற் போனதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

1977 வேறு வகை. குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பின் நடந்த நான்குமுனைப் போட்டியில், ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குகளிலேயே அ.தி.மு.க. 130 இடங்களைப் பிடித்தது, சேரன்மகாதேவியில் பி.எச். பாண்டியன் வென்றார்.

கொள்கையளவில் முதல் மாற்றமே பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த பள்ளி மதிய உணவை 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோது, முறத்தை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் பீடி சுற்றிய தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தட்டில் சோறாகவே வந்து சேர்ந்தது இரண்டாவது மாற்றத்தின் பலன்தான்.