பஃப் கை ஜாக்கெட்டும் பழைய டேப் ரெக்கார்டரும்: மதுரையில் ஒரு தையல்கடை

போன மாதம் ஒரு ஜாக்கெட் தைத்தேன். தைத்துக் கொடுத்த கடையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடையைத் தேடிப் போன காரணத்தைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும்.

வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்று கிடைத்தது. கடுகு நிறம், அரக்கு பார்டர். கையால் முடிச்சுப் போட்ட அசல் சுங்குடி. புள்ளி மேல் விரலை ஓட்டினால் துணி லேசாகக் கூம்பி நிற்பது தெரியும், நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரித்த தடம் அது. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. இன்றைக்குக் கடையில் சுங்குடி என்று கேட்டால் பெரும்பாலும் அச்சில் புள்ளி வைத்ததைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அதிலும் நல்ல சேலைகள் உண்டு, நானே நாலு வைத்திருக்கிறேன். அந்தக் கூம்பல் மட்டும் இருக்காது.

சேலையின் மடிப்புக்குள் ஒரு போட்டோவும் இருந்தது. 1987, ஸ்டுடியோவில் எடுத்தது. அம்மா அதே சேலையில், அரக்கு நிற பஃப் கை ஜாக்கெட் போட்டு, கழுத்தில் ஒற்றைச் சங்கிலியோடு நிற்கிறாள். நடிகை நதியா தமிழ் சினிமாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆன சமயம். கம்மலுக்கும் வளையலுக்கும் கொண்டைக்கும் நதியா பேரை வைத்து விற்ற காலம், அம்மா காதில் இருப்பதும் அந்தப் பெரிய வளையம்தான். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது கல்யாணத்துக்குப் போகும் அலங்காரம் கிடையாது. அம்மா அப்போது தபால் ஆபீஸில் வேலை பார்த்தாள். இதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு, திரும்பும்போது ரேஷன் கடையில் நின்று சீனி வாங்கிக்கொண்டு வந்தவள். அந்த மாதிரி ஒரு ஜாக்கெட் எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. தினமும் போட்டுப் போக.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். 'ரெட்ரோ பஃப்' என்று போட்டிருந்தார்கள், போட்டோவில் பிரமாதமாக இருந்தது. வந்ததைப் பார்த்தால் கை உப்பி நிற்பதற்காக உள்ளே முரட்டு வலைத்துணி வைத்துத் தைத்திருந்தார்கள். அரை நாளில் தோள்பட்டை முழுக்கச் சிவந்து அரிப்பு எடுத்துவிட்டது, கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் சேர்ந்து மேலே ஏறியது. அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கலாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது.

அப்புறம்தான் ஒரு தோழி இந்தத் தையல்காரரைச் சொன்னாள். முன்பு புதுமண்டபத்தில் தூணை ஒட்டி மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சிலைகளுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகள் என்று பல வருடம் ஓடியது. காலையில் துணி கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டு, டிபன் சாப்பிட்டு வருவதற்குள் பாவாடை தைத்து வைத்திருப்பார்கள். மண்டபத்தைக் காலி செய்தபோது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. இவர் மட்டும் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் மாடியில் ஒரு அறை பிடித்துக்கொண்டார். போர்டு கிடையாது. படி செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம்தான்.

படி ஏறும்போதே பாட்டு கேட்டது. வாணி ஜெயராம். ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் இங்கே எந்தத் தையல்கடைக்குப் போனாலும் கோடை பண்பலை 100.5 ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் நிஜமாகவே ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், கேசட் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாணியின் குரல் கொஞ்சம் கனத்து, பாட்டு ஒரு நூல் மெதுவாக ஓடியது. நான் காதைக் கொடுத்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு, "பெல்ட் லூசாயிருச்சு தாயி, மாத்தணும்" என்றார். உள்ளே மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் சுருதி இறங்கும். அடுத்த தடவை நான் போனபோது மாற்றி வைத்திருந்தார், வாணி பழையபடி கூர்மையாக இருந்தார்.

அந்த கேசட் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த அட்டையில் யாரோ முத்து முத்தாகப் பாட்டு வரிசையை எழுதியிருந்தார்கள். கேசட் ரெக்கார்டிங் கடை எழுத்து! அந்தக் கடைகளைத் தெரியாதவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பார்கள். வேண்டிய பாட்டையெல்லாம் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு, நெருக்கினால் ஏழு. அதனால் எழுதுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருக்கும். நானும் அக்காவும் ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறோம், அவளுக்கு ஜென்சி, எனக்கு ஸ்வர்ணலதா, கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் என்று முடிவானது. என் பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே முழுதாகக் கேட்டாலும், அந்த இடம் வரும்போது காது அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கிறது. அது வராமல் பாட்டு மேலே போகும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது, ஸ்வர்ணலதா எனக்காக மட்டும் மிச்சத்தைப் பாடுகிற மாதிரி.

சரி, தையலுக்கு வருகிறேன்.

போட்டோவைக் கொடுத்தேன். ஜன்னலோரம் எடுத்துப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கையை இப்ப யாரும் இப்படிக் கேக்குறதில்லையே தாயி. பெருசா பலூன் மாதிரிதான் கேக்குறாக. இது சின்ன பஃப்." பிறகு இஞ்ச் டேப்பின் நுனியை வைத்துத் தோள் மடிப்புகளை எண்ணினார். முன்பக்கம் நாலு தெரிகிறது, பின்னால் மூன்றோ நாலோ இருக்கும் என்றார். நான் அளவு ஜாக்கெட் கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வேலைக்கு நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு எனக்குப் புதிதாக அளவெடுக்கச் சொன்னார். அதோடு ஒரு கேள்வி கேட்டார்: "வேலைக்கு பஸ்ல போறீகளா, வண்டியிலயா?" இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறேன், எந்தக் கடையிலும் இதைக் கேட்டதில்லை. பஸ் என்றதும் கையை மேலே தூக்கி, கம்பி பிடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லி அக்குளையும் பக்கவாட்டையும் தனியாக அளக்கச் சொன்னார். அக்குள் வெட்டு உடம்போடு ஒட்டி உயரமாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் கூடவே ஏறாதாம். தாராளமாக இருக்கட்டும் என்று இறக்கி வெட்டினால் நடப்பது நேர்மாறு.

துணி அவர் தருவதில்லை, நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். டூ பை டூ என்கிற ஜாக்கெட் துணிதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார், பஃப்புக்காக ஒரு முழு மீட்டர். சேலையைத் தூக்கிக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனேன். அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரக்கு நிறத்தை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், துணியை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த மூன்று அரக்கில் ஒன்று வெளியே ஊதாவாக இருந்தது. லைனிங் துணியை நனைத்துக் காய வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும்.

கழுத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். பின் கழுத்தை நன்றாக இறக்கிக் கேட்டேன். முடியாது என்றார். கழுத்து அகலமாகி இறங்கினால் தோளில் நிற்கிற பட்டை குறுகிவிடும், பஃப்பின் கனத்துக்கு அது வெளியே சரியும், நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பீர்கள் என்றார். ஏழு இஞ்சில் நிறுத்தினோம். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது.

தைத்து வந்ததை வீட்டில் உட்புறமாகத் திருப்பிப் பார்த்தேன். வலை இல்லை, கேன்வாஸ் இல்லை. கையின் லைனிங்கைச் சாதா கையாகக் குட்டையாக வெட்டியிருக்கிறார், மேல்துணியை அதைவிட நீளமாகவும் அகலமாகவும் வெட்டி, மேலே மடிப்பும் கீழே பட்டியும் வைத்து இரண்டையும் சேர்த்திருக்கிறார். உள்கை குட்டையாக இருப்பதால் மேல்துணிக்குக் கீழே இறங்க வழியில்லை, தானாகவே உப்பி நிற்கிறது. உடம்பில் படுவது வெறும் பருத்தி. இதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? சிவந்துபோன தோளோடு உட்கார்ந்திருந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்சுக்கு மேல் துணி விட்டிருக்கிறார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். கொக்கிகள் அத்தனையும் கைத்தையல், ஒன்றுகூட ஆடவில்லை.

மூன்று வாரமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸுக்குப் போட்டுப் போகிறேன், அந்தச் சேலையோடும் மற்ற சேலைகளோடும். பஸ்ஸில் கை தாராளமாக மேலே போகிறது. நாலு முறை துவைத்தாகிவிட்டது, சாயம் போகவில்லை. இஸ்திரிதான் கொஞ்சம் வேலை. பஃப்பைத் தட்டையாகப் போட்டுத் தேய்த்தால் நடுவில் கோடு விழுந்துவிடும். சின்ன துண்டு ஒன்றைச் சுருட்டிக் கைக்குள் திணித்து, அதன் மேல் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பத்து நாளில் தருகிறேன் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். நடுவில் இரண்டு முறை சும்மா போய்த் திரும்பினேன். போன் எடுப்பதில்லை. விசேஷத்துக்கு என்றால் ஒரு மாதம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள், முகூர்த்த மாதங்களில் இன்னும் மோசம் என்று அங்கே காத்திருந்த அக்கா சொன்னார். போட்டுப் பார்க்க ஒழுங்கான இடம் இல்லை, ஒரு மூலையில் திரை கட்டியிருக்கிறார்கள், கண்ணாடி இடுப்புக்கு மேலேதான் காட்டும். முதலில் இடது கை மடிப்பு வலதைவிடக் கால் இஞ்ச் பின்னால் தள்ளி இருந்தது. சொன்னதும் மறுபேச்சு பேசாமல் பிரித்து, என்னை உட்கார வைத்தே திருத்திக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆரி வேலை, மணி வேலை எதுவும் செய்ய மாட்டார்.

கூலி: லைனிங் ஜாக்கெட் 400 ரூபாய், பஃப்புக்கு 60 கூடுதல். பெரிய பொட்டிக்குகளில் கேட்பதற்கு இது பாதிகூட இல்லை. ஜி-பே உண்டு.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், மடிப்பை எண்ணினாள், கொக்கியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "எனக்கு இவ்வளவு உப்பி நிக்காதுடி. போட்டோ எடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் வந்து தூக்கிவிட்டாரு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தனக்கும் ஒன்று வேண்டும், சாதாக் கை போதும், ஆனால் அதே அரக்கு என்றாள். மிச்சத் துணி போதாது. மறுபடி வெயிலில் நின்று அந்த அரக்கைத் தேட வேண்டும்.

போகிறவர்கள் காலை 11 மணிக்கு மேல் போங்கள், மதியம் 2 முதல் 4 வரை சாத்தியிருக்கும், ஞாயிறு லீவு. நல்ல கேசட் ஏதாவது வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், வாங்கிப் போட்டுக் கேட்பார். அக்காவோடு சண்டை போட்டுப் பதிந்த அந்தக் கேசட்டை நான் இந்த வாரம் கொண்டு போகப் போகிறேன்.