‘குளூட்டன் இல்லை’ ஸ்டிக்கரோடு வந்த ரவா உப்புமா

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பில்லை. சீலியாக் என்ற குடல் நோய் உள்ள குழந்தையை எங்கே சேர்ப்பதாக இருந்தாலும், அட்மிஷன் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. ஐந்து வயதில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் செய்து சீலியாக் என்று சொன்னார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். வட இந்தியாவில் இது ஓரளவு தெரிந்த நோய். நம் பக்கம் மிகக் குறைவு. அதனால் வார்டு சிஸ்டர் “அப்படின்னா என்னம்மா?” என்று கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்களே, அதுதான் என் புகார்.

போன ஐப்பசியில் அடைமழை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஞாயிறு ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கார் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனோம். நிமோனியா, ஐந்து நாள் இருக்க வேண்டும் என்றார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குழந்தைகள் டாக்டர் தங்கமானவர்.

திங்கள் காலை டயட்டீஷியன் வந்தார். “குளூட்டன் ஃப்ரீ டயட் எங்ககிட்ட இருக்கு மேடம், கவலையே வேண்டாம். ஒரு நாளைக்கு 350 ரூபாய். ஆனால் வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டை விட்டு வெளியே போனால் மூட்டை கட்டிக்கொண்டு திரிகிற எங்களுக்கு, இப்படி ஒருவர் சொல்வதே அதிசயம். அவருக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று “கோதுமை அலர்ஜி மாதிரி வச்சுக்கோங்க” என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வாய்க்கு நான் பட்டது கொஞ்சமில்லை.

செவ்வாய்க் காலை ட்ரே வந்தது. மேலே அழகாக அச்சடித்த ஸ்டிக்கர்: அறை எண், குழந்தையின் பெயர், ‘குளூட்டன் இல்லை’. மூடியைத் திறந்தால் ரவா உப்புமா.

கொண்டுவந்த பையனிடம் கேட்டேன். “சப்பாத்தி இல்லையேக்கா, உப்புமாதானே?” என்றான். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் சமையலறையில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவுதான். ரவை வேறு, சேமியா வேறு, மைதா வேறு. மைதா மரவள்ளிக்கிழங்கில் செய்வது என்று சத்தியம் செய்கிறவர்கள் என் சொந்தத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான்கும் ஒரே கோதுமையிலிருந்து வருகிறது என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

டயட்டீஷியன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். இனிமேல் தனிப் பாத்திரம், தனி அடுப்பு என்றார். மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வந்தன. “பெருங்காயம் போட்டீங்களா?” என்று கேட்டேன். “பேஷன்ட் சாப்பாட்டுக்கு நாங்க பெருங்காயமே போடுறதில்லை மேடம்” என்றார், கண் இமைக்காமல். இரண்டு நாளாக ஒன்றும் இறங்காத பிள்ளை அன்றுதான் பசிக்கிறது என்று கேட்டாள். ஊட்டிவிட்டேன்.

பெருங்காயத்துக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு: கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் காரமானது என்பதால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். பல கம்பெனிகள் கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா, சில கம்பெனிகள் அரிசி மாவு. தூளானாலும் கட்டியானாலும் டப்பாவின் பின்னால் படிக்காமல் வாங்கக் கூடாது. சாம்பார், ரசம், தயிர் சாதத் தாளிப்பு என்று ஒரு நாளில் மூன்று வேளையும் அது உள்ளே போய்விடும்.

அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள், ராத்திரிக்குள் நாலு தடவை வாந்தி எடுத்தாள். ஆன்டிபயாடிக்காலும் இருக்கலாம் என்றார் ட்யூட்டி டாக்டர். இருக்கலாம்தான். ஆனால் தெரியாமல் ஒருமுறை கோதுமை போனபோது இதே வலி, இதே மாதிரி சுருண்டு படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விடிந்ததும் கீழே கிச்சனுக்கே போய்விட்டேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள், நின்றேன். மாஸ்டர் நல்ல மனுஷர், வெளியே வந்து பேசினார். “எங்களுக்கு யாரும் தனி அடுப்புன்னு சொல்லலக்கா. அந்த ரூமுக்குச் சப்பாத்தி வேணாம்னு மட்டும் சீட்டு வந்துச்சு. சாம்பார் எல்லாருக்கும் ஒரே அண்டாதான்” என்றார். பெருங்காய டப்பாவைக் காட்டச் சொன்னேன். கோதுமை மாவு என்று பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. எதிரே ஒரே தோசைக்கல்லில் சப்பாத்தியும் தோசையும் மாறி மாறி வெந்துகொண்டிருந்தன. ஸ்டிக்கர் ஒட்டுவது கிச்சனில்கூட இல்லையாம், ட்ரே ஏற்றும் கவுண்டரிலாம்.

இந்தியாவில் ஒரு பொட்டலத்தின் மேல் ‘குளூட்டன் இல்லை’ என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. கரண்டியில் ஒட்டிய மாவுகூடக் கணக்கில் வருகிற அளவு அது. இங்கே அண்டா சாம்பாருக்கே ஸ்டிக்கர்!

இதற்கு நடுவில், என் மாமியார் கடலூரிலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்த கஞ்சித் தூக்குவாளியை வாசலில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். எழுபது வயதில் மழையில் நனைந்து வந்தவர். அத்தை அழுததை நான் மறக்க மாட்டேன்.

தீர்வு என்னவோ மிகச் சுலபமாக இருந்தது. ரவுண்ட்ஸ் வந்த குழந்தைகள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கேஸ் ஷீட்டில் ‘சீலியாக் நோய், வீட்டுச் சாப்பாடு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிஷ வேலை. அதன் நகலைக் காட்டியதும் செக்யூரிட்டி சலாம் போட்டு உள்ளே விட்டார். இதை ஞாயிறு ராத்திரியே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் முதல் மணி நேரத்திலேயே கேளுங்கள். ‘அலர்ஜி’ என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். ரவை, மைதா, சேமியா, பிரெட், ரஸ்க், பிஸ்கட், பெருங்காயம் என்று பெயர் பெயராக எழுதிக் கொடுங்கள். ‘கோதுமை தவிர்க்கவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் உப்புமாதான் வரும்.

இன்னொன்று, அன்பாகக் கொடுப்பவர்களிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பக்கத்துக் கட்டில் பாட்டி உடம்புச் சூடு தணிய என்று பார்லி கஞ்சி நீட்டினார். பார்க்க வந்த உறவுக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார், அதில் கோதுமையும் பார்லி மால்ட்டும் உண்டு. கடைச் சத்துமாவிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். இடியாப்ப மாவை மில்லில் அரைத்தால், அதற்கு முன் கோதுமை அரைத்த அதே மெஷின். அத்தை அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தார். கஞ்சி, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், இளநீர் என்று மூன்று நாள் ஓட்டினோம். வியாழக்கிழமையிலிருந்து வாந்தி இல்லை.

பில்லில் தனி டயட் கட்டணம் ஐந்து நாளுக்கும் 1,750 ரூபாய். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களுக்கும் சேர்த்து! ஒரு மணி நேரம் வாதாடி 1,050 ரூபாயைக் கழிக்கவைத்தேன். மீதியை “ஏற்கெனவே சர்வ் பண்ணிட்டோம்” என்று தரவில்லை. சர்வ் பண்ணினார்கள்தான்.

அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் சீலியாக் நோய் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘எளிதில் செரிக்கும் உணவு: இட்லி, பிரெட், ரஸ்க், சேமியா கஞ்சி’. அதை எடுத்துவிட்டு வேறு அச்சடித்துத் தந்தால்தான் கட்டிலைக் காலி செய்வேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அது வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அத்தை தூக்குவாளியில் மிச்சமிருந்த கஞ்சியை அவளுக்கு ஊட்டி முடித்திருந்தார்.