நாய்க்கு பல் தேய்க்கற ஐட்டங்க: வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல எது தேறுச்சு

பேஸ்ட், ஃபிங்கர் பிரஷ், டென்டல் ஸ்டிக், தண்ணில கலக்கற லிக்விட், கடல்பாசி பவுடர்னு எல்லாமே வாங்கிப் பாத்தாச்சு, வருஷக்கணக்கா ஓடினு இருக்கு, இதுல நான் திரும்பவும் காசு போட்டு வாங்கறது ரெண்டே ரெண்டுதான். நாய்க்குன்னே விக்கற பேஸ்ட், அப்பறம் மெடிக்கல் ஷாப்ல கெடைக்கற சின்னப் பசங்க சாஃப்ட் பிரஷ். எங்களுது ஸ்பிட்ஸ், பேரு ஜிம்மி, வேலூர் சத்துவாச்சாரில எங்க தெருவுல எல்லாருக்கும் அது பொமேரியன்தான். பெரிய நாய்க்கு இருக்கற அதே 42 பல்லு இத்துனூண்டு வாய்க்குள்ள நெருக்கியடிச்சு நிக்கணும், அதனாலதான் இந்த சைஸ் நாய்ங்களுக்கு பல்லும் ஈறும் சீக்கிரமே கெட்டுப் போவுது.

முதல்ல ஸ்கேலிங் பத்தி, அதான் டாக்டர் மெஷின் வச்சு பல்லுக் காரைய எடுக்கறது. பல்லு மேல படியற வழவழப்பு எச்சில்ல இருக்கற கால்சியத்தோட சேந்து ரெண்டு மூணு நாள்லயே கல்லு மாதிரி இறுகிடும், அப்பறம் எந்த பிரஷும் அத அசைக்காது. ஜிம்மிக்கு கடவாப் பல்லு பூரா மஞ்சக் காரை, வாயத் தொறந்தா ஹால்ல உக்கார முடியாது. ஒரு கிளினிக்ல மயக்க மருந்தே வேணாம் சார், பிடிச்சுனு சொரண்டி எடுத்துடலாம்னாங்க, வேணாம்னு வந்துட்டேன். அப்டி சொரண்டினா பல்லு பாக்க வெள்ளையா இருக்கும், அவ்ளோதான். நோவு இருக்கறது ஈறுக்கு அடியில, முழிச்சினு இருக்கற நாய்கிட்ட அங்க கை வைக்க முடியாது. மயக்கம் குடுத்து தொண்டைல ட்யூப் போட்டாதான் ஸ்கேலர்ல இருந்து வர்ற தண்ணி நுரையீரலுக்குப் போவாது.

நாங்க சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கார்ல இட்டுனு போயிட்டோம், 1903ல ஆரம்பிச்ச காலேஜ், கூட்டம் இருக்கும், விடியக்காலைலயே கெளம்பிடுங்க. போறதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் பாத்துக்கோங்க, கிட்னி லிவரோட பிளேட்லெட்டும் சேத்து. நம்ம பக்கம் உண்ணிக்கு பஞ்சமே கெடயாது, உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு பிளேட்லெட் எறங்கியிருக்கும், பல்லு புடுங்கினா ரத்தம் நிக்காது. ஜிம்மிக்கு முன்பல்லு ரெண்டு ஆடினு இருந்துச்சு, எடுத்துட்டாங்க. பல்லு போனா எப்டி துண்ணும்னு எங்கம்மா ஒரே அழுக, அது சாயங்காலமே தயிர்சாதத்த வழிச்சு நக்கிடுச்சு.

இப்ப பிரஷ். சிலிக்கான் ஃபிங்கர் பிரஷ் பழக்கறதுக்கு மட்டுந்தான் லாயக்கு, முள்ளு தடியா இருக்கு, ஈறும் பல்லும் சேர்ற ஓரத்துக்குப் போவாது. ஆனா மொதல் வாரம் அதுவும் வேணாம், வெரல்ல துணி சுத்தி பேஸ்ட் தடவி நக்க விடுங்க. வாயத் தொறக்கவே கூடாது, நெறைய பேர் மல்லுக்கட்டறது இங்கதான். மூடின வாயிலயே ஒதட்ட மட்டும் தூக்கி, பிரஷ்ஷ சாய்ச்சு பிடிச்சு வெளிப்பக்கம் தேய்ச்சா போதும், உள்பக்கத்த நாக்கு ஓரளவுக்கு பாத்துக்கும். மேல் கடவாப் பல்லுதான் முக்கியம், அங்கதான் காரை மொதல்ல புடிக்கும். தெனமும் தேய்க்கறது நல்லது, ஒருநாள் விட்டு ஒருநாளும் ஓடும், ஞாயித்துக்கெழம மட்டும்னா பிரஷ்ஷே வாங்காதீங்க.

எங்க எதிர்வீட்டு அக்கா, "இன்னா தம்பி, நாய்க்கு கோல்கேட்டா?"ன்னு இன்னும் கேட்டுனுதான் இருக்காங்க. நம்ம பேஸ்ட் கண்டிப்பா போடக்கூடாதுங்க, நாய்க்கு துப்பத் தெரியாது, ஃப்ளூரைடு நுரையெல்லாம் அப்டியே வயித்துக்குள்ள போவும். சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு வேற இருக்கும், அது நாய்க்கு சுகர திடீர்னு எறக்கிடும், லிவரையும் காலி பண்ணும். உப்பு, சாம்பல், கரித்தூள்னு சொல்ற பெரியவங்களுக்கு ஒரு கும்பிடு. நாய் பேஸ்ட்ல நான் வாங்கறது விர்பேக் கம்பெனியோட என்சைம் பேஸ்ட், சிக்கன் வாசனை. ருசிக்காக அது வாயக் காட்டுது, அதுவே பெரிய உதவி, காரை சேராம தடுக்கறது என்னவோ பிரஷ்தான். ஒரே பிரச்சன எறும்பு. மூடிய சரியா மூடலன்னா காலைல டியூப் கறுப்பா இருக்கும், கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க.

டென்டல் ஸ்டிக்: ஜிம்மி ரெண்டு கடில முழுங்கிடும், அப்பறம் பல்ல எங்க தேய்க்கறது? வெயிட்தான் ஏறுச்சு. மெதுவா மெல்ற நாயா இருந்தா வாங்கலாம், பாக்கெட்ல விஓஎச்சி (VOHC, பிராணிங்க பல்லு சாமானுக்கு முத்திரை குடுக்கற கவுன்சில்) முத்திரை இருக்கான்னு பாருங்க, கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்ணிக் காட்டினாதான் அந்த முத்திரை குடுப்பாங்க. தண்ணில ஊத்தற லிக்விட் நம்ம ஊர் கத்திரி வெயிலுக்கு சரிப்படாது, மே மாசத்துல கிண்ணத்துத் தண்ணிய எத்தன தடவ மாத்தறோம், மாத்தும்போதெல்லாம் ஒரு மூடி ஊத்தணும், பாட்டில் பறந்துடும். கடல்பாசி பவுடர்ல அயோடின் இருக்கு, தைராய்டு இருக்கற நாய்னா டாக்டரக் கேக்காம போடாதீங்க, எங்களுக்கு பெருசா வித்தியாசம் தெரியல, நிறுத்திட்டேன்.

எலும்பு கடிச்சா பல்லு க்ளீன் ஆவும்னு பாய் கடைல வாங்கிப் போடறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. வெந்த எலும்பு சிம்பு சிம்பா ஒடைஞ்சு கொடல்ல குத்தும், கெட்டி எலும்புன்னா மேல் கடவாப் பல்லே பொளந்துக்கும். நகத்தால அழுத்தினா பள்ளம் விழாத எதையும் கடிக்கக் குடுக்காதீங்க. பக்கத்துத் தெரு லேப்ரடாருக்கு கண்ணுக்குக் கீழ வீக்கம், கண்ணுதான்னு சொட்டு மருந்தா விட்டுனு இருந்தாங்க, கடைசில பாத்தா அந்தப் பல்லு வேர்ல சீழ்.

ஸ்பிட்ஸ் குட்டி புதுசா வாங்கியிருக்கறவங்க, ஆறேழு மாசத்துல ஒதட்டத் தூக்கி கோரப்பல்லப் பாருங்க. பால் பல்லு விழாம புதுப்பல்லு பக்கத்துலயே ஜோடியா நிக்கும், நடுவுல சோறு மாட்டினு அழுகும். கருத்தடை ஆபரேஷன் பண்றதா இருந்தா அந்த மயக்கத்துலயே அதையும் எடுத்துடச் சொல்லி டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிக்கோங்க.