சுருதியை முன்வைத்த ஆல்பங்கள்: கோலாலம்பூரிலிருந்து ஒரு ரசிகரின் மதிப்பீடு

கச்சேரி மேடையில் தம்புராவை யாரும் தனியாகக் கேட்பதில்லை. அது நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று உணர்கிறோம். பின்னணியாகவே இருந்து பழகிய அந்த இடையறாத ஆதார ஒலியை, அதாவது சுருதியை, முன்னால் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு முழு ஆல்பத்தையும் எழுப்பத் துணிந்தவர்களின் பதிவுகளைத்தான், சோதனை இசை என்றும் சுயாதீன இசை என்றும் வழங்கும் பெரும்பரப்பில் நான் அதிகமாக விரும்பிக் கேட்டு வருகிறேன். அவற்றுள் சிலவற்றைப் பற்றிய என் கருத்துகள் இவை. ஓர் ஆல்பம் சுருதியை உண்மையாகவே நம்பி நிற்கிறதா, அல்லது இந்தியச் சாயல் வேண்டும் என்பதற்காக அதை மேற்பூச்சாகப் பூசிக்கொள்கிறதா என்பதே என் அளவுகோல்.

இத்தகைய இசை நம் காதுக்கு ஒத்துவராது, திரைப்பாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பிடிமானம் கிடைக்காது என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புவதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளை நோக்கிக் காவடிகள் நகரும்போது உடன்வரும் உறுமி மேளத்தை நினைத்துப் பார்க்கலாம். வளைந்த குச்சியை உறுமியின் தோலில் அழுத்தித் தேய்க்கையில் எழும் அந்த முனகலை ஸ்வரம் என்றும் சொல்ல முடியாது, வெறும் தாளம் என்றும் சொல்ல முடியாது; ஏறியும் இறங்கியும் இழுபடும் உராய்வொலி அது. சிறு வயது முதல் அதைக் கேட்டு உடல் சிலிர்த்துப் பழகிய ஒருவருக்கு எந்தச் சோதனை இசையும் முற்றிலும் புதிதாக இருக்க முடியாது.

முதலில் சொல்ல வேண்டியது ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. 1971இல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த ஜாஸ் ஆல்பத்தை, இங்கே நான் பேசப்போகும் பலவற்றுக்கும் தாய் என்றே கருதுகிறேன். தலைப்புப் பாடலில், துளசி என்பவர் மீட்டும் தம்புராவின்மேல் செசில் மெக்பீயின் டபுள் பாஸ் ஒரு சிறிய ஸ்வரத் தொடரைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஆலிஸின் ஹார்ப் அதன்மேல் அடுக்கடுக்காகப் பரவுகிறது. ஃபரோவா சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் உள்ளே வருகிறது. மேலோட்டமாகக் கேட்டால் ஹார்ப்பும் சாக்ஸபோனும்தான் காதில் விழும். ஒருமுறையாவது தம்புராவை மட்டும் பின்தொடர்ந்து பாடல் முழுவதையும் கேட்டுப் பாருங்கள். எந்த வாத்தியம் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும், திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற உறுதியை அந்தத் தந்திகளே தருகின்றன. ஜாஸில் வழக்கமாக அடுத்தடுத்து மாறிச் செல்லும் கார்டுகளே (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளே) இசையை முன்னே தள்ளும். இங்கே அந்த நகர்வை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டு, ஒரே ஆதாரத்தில் நின்றபடி பாடல் விரிகிறது. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்த பின்னர் ஆலிஸ் கடந்துவந்த துயரம் இந்த ஆல்பத்தின் அடியில் இருக்கிறது. ஆயினும் எந்த இடத்திலும் அது புலம்பலாக வெளிப்படுவதில்லை.

தலைப்பில் இடம்பெறும் சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த தமிழர். 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவருடைய குரு சுவாமி சிவானந்தரோ துறவு பூணுவதற்கு முன்பு, 1913 முதல் 1923 வரை, நம் மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றினார். பத்துமலையில் அவர் பெயரால் ஆசிரமம் ஒன்று இன்றும் இயங்குகிறது. நியூயார்க்கில் உருவான ஒரு ஜாஸ் ஆல்பத்தின் குருபரம்பரை நம் ரப்பர்த் தோட்டக் காலத்து மருத்துவமனை வழியாக வருகிறது என்பதை நான் சந்திக்கும் ஒவ்வோர் இசை ரசிகரிடமும் சொல்லி வருகிறேன். இங்கேயும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஆல்பத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசிப் பாடலான ‘ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்’ 1970 ஜூலையில் வில்லேஜ் கேட் அரங்கில் நேரடியாகப் பதிவானது. அதில் தம்புரா இல்லை. ஊத் என்னும் அரபு வாத்தியம் இருக்கிறது, பாஸ் வாசிப்பவரும் சார்லி ஹேடன். தனித்து நோக்கினால் வலிமையான வாசிப்புத்தான். ஆனால் முதல் நான்கு பாடல்கள் கட்டிக் காத்த அமைதியோடு அது ஒட்டவில்லை. நான் பெரும்பாலும் நான்காவது பாடலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரண்ஜித் சிங்கின் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ 1982இல் வெளிவந்தபோது கவனிப்பாரற்றுப் போனது. பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த அவர், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பாஸ் கருவி, ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றைக் கொண்டு பத்து ராகங்களை வாசித்தார். இதே டிபி-303ஐ வைத்துச் சிகாகோவில் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற நடன இசைப் பதிவு வந்தது 1987இல்தான். 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகு, அந்த நடன இசைக்கு முன்னோடி என்று உலகம் சரண்ஜித் சிங்கைக் கொண்டாடியது. என் ஈடுபாடு வேறு காரணத்தால். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அந்த பாஸ் கருவியில் உண்டு. நம் கர்நாடக இசையில் ஜாரு எனப்படும் வழுக்குக் கமகத்தின் சாயலை அதில் கேட்க முடிகிறது. பூபாளி என்ற பெயரில் மோகனமும், மால்கௌன்ஸ் என்ற பெயரில் இந்தோளமும், கலாவதி என்ற பெயரில் வலஜியும் வரும்போது, இந்துஸ்தானி இசை மரபு பழகாத நம் காதுக்கும் வழி தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: பத்தையும் ஒரே அமர்வில் கேட்பது கடினம். காலையில் பாடும் ராகமும் நள்ளிரவில் பாடும் ராகமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அதே தாளத்தோடு செல்வதால், நான்காவது ஐந்தாவது பாடலிலேயே காது சலித்துவிடுகிறது. இரண்டிரண்டாகக் கேட்டால் அந்தச் சலிப்பு இல்லை.

நான் மிகுதியாக நேசிப்பது ஷீலா சந்திராவின் ‘எபோன்குரோன்ட்ரோன்’. இலண்டனில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பாடகி அவர். 1982இல் மான்சூன் என்ற குழுவில் ‘எவர் சோ லோன்லி’ பாடலால் புகழ்பெற்று, பின்னர் அந்தப் பாதையைத் தாமாகவே விட்டு விலகியவர். ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காக 1992, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் குரலை மையமாக வைத்து மூன்று ஆல்பங்களைத் தந்தார். முதல் இரண்டிலும் தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோலின் சொற்களை எடுத்து, அவற்றைப் பிற ஒலிகளோடு பின்னிப் பாடும் ‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ பகுதிகள் பலருக்கும் பிடிக்கும். மூன்றாவதைக் கேட்டவர்கள் குறைவு. அதில் பாடல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எண்ணால் மட்டும் பெயரிடப்பட்ட ஆறு பகுதிகள் உள்ளன, ஒவ்வொன்றும் ஓர் ஆதார ஒலி.

இதைப் புரிந்துகொள்ளத் தம்புராவின் அமைப்பு உதவும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா என்னும் மெல்லிய நூலைச் செருகி, அதை முடி அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். சரியான இடம் கிடைத்துவிட்டால், மீட்டிய ஸ்வரத்தோடு மீட்டாத ஸ்வரங்களும் எழும். நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம் என்னும் ஸ்வரம் தானாகவே கேட்கும் என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்டுவது அதைத்தான். ஷீலா சந்திரா இந்த ஆல்பம் முழுவதையும் அந்த மீட்டாத ஸ்வரங்களை நம்பி அமைத்திருக்கிறார். ஆதார ஒலியில் ஒரு மேல்ஸ்வரம் மின்னுகிறது; அது வாத்தியமா, குரலா என்று தெரியவில்லை; காது அதைப் பற்றிக்கொள்ளும் வேளையில் அவருடைய குரல் மெல்லத் தலைகாட்டிவிட்டு மறுபடியும் ஒலிக்குள்ளேயே மறைகிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுழலும்போது இதைக் கேட்டால், விசிறியின் ரீங்காரமும் ஆதார ஒலியோடு மோதிப் புதிய அதிர்வுகளை உண்டாக்குகிறது. விசிறியை நிறுத்தியதும் அறையே மாறியதுபோல் இருக்கும். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்பதைவிட, பேச்சுக்குரல் அளவுக்குக் குறைத்து வைத்தால் மேல்ஸ்வரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. நோயின் காரணமாக அவரால் இப்போது பாட முடிவதில்லை என்பதை அறிந்து கேட்கும்போது, இந்த மூன்று ஆல்பங்களையும் இன்னும் கவனமாகப் பாதுகாக்கத் தோன்றுகிறது.

சுசீலா ராமனின் பெயர் தமிழ் ரசிகர்களுக்கு ஓரளவு அறிமுகமானது. 2001இல் வந்த ‘சால்ட் ரெய்ன்’ பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2011இல் வந்த ‘வேல்’ முருகன் பாடல்களை ராக் இசையின் வேகத்தோடு தந்தது. இரண்டையும் மதிக்கிறேன், ஆனால் 2018இல் வந்த ‘கோஸ்ட் கமெலான்’ என்னை ஈர்த்த அளவுக்கு அவை ஈர்க்கவில்லை. ஜாவாவின் கோண்ட்ரோங் குனார்த்தோவுடனும் கமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழு இசையின் கலைஞர்களுடனும் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம் இது. கமெலானின் ஸ்வர இடைவெளிகள் பியானோவுக்கும் பொருந்தா, நம் ராகங்களுக்கும் பொருந்தா. ஒவ்வொரு குழுவின் வெண்கல வாத்தியங்களும் தமக்குள் மட்டுமே ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. எனவே பாடகர் தம் சுருதியைச் சிறிது விட்டுக்கொடுத்தாக வேண்டும். சுசீலா ராமன் அதைத் தயங்காமல் செய்கிறார். பெரிய கோங் ஒலித்து அடங்கும்போது அலையலையாக எழும் அதிர்வுக்குள் அவர் குரல் இறங்குவதைக் கேட்கையில், மலாய்த் தீவுக்கூட்டத்தின் ஒலியும் தமிழ்க் குரலும் இவ்வளவு இயல்பாக இணைய முடியும் என்றால், இந்த நாட்டில் வாழும் நாம் ஏன் இதை இன்னும் அதிகமாகச் செய்யவில்லை என்ற ஏக்கம் எழுகிறது. சில பாடல்களில் கிட்டார் தேவைக்கு மேல் இடம் பிடித்துக்கொள்கிறது. அவற்றை ஒருமுறை கேட்டதோடு விட்டுவிட்டேன்.

வில்லியம் பசின்ஸ்கியின் ‘தி டிசின்டக்ரேஷன் லூப்ஸ்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1980களில் பதிவான ஒலிநாடாக்களை 2001இல் கணினிக்கு மாற்றியபோது, நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்து, சுற்றுக்குச் சுற்று இசை தேய்ந்துகொண்டே போனதை அப்படியே ஆல்பமாக்கினார். முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அதை எல்ஆர்டி ரயில் பயணத்தில் கேட்பது வீண். தண்டவாள இரைச்சல் அந்த நுண்ணிய மாற்றங்களை விழுங்கிவிடும்.

பாடகி கணவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ 2024இல் வெளிவந்தது. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டனில் ஒன்றுகூட்டி இதைப் பதிவு செய்தார். விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாகா ஹட்சிங்ஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஆலிஸ் கோல்ட்ரேனின் தலைப்புப் பாடல் இதில் மீண்டும் வருகிறது, இம்முறை தமிழ்ச் சூழலில் பயின்ற குரலோடு. பிருகாக்கள் என்னும் வேகமான ஸ்வர உருட்டல்களுக்கு வாய்ப்பிருந்தும் அவர் பல இடங்களில் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடுகிறார். சுருதியில் நிற்பதே போதும் என்ற அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பேச்சுப் பகுதிகள் மறுமுறை கேட்கும்போது இசையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன, அவற்றைத் தனித் தொகுப்பாக வெளியிட்டிருக்கலாம். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 1971இன் அந்தத் தலைப்புப் பாடலையும் இந்த 2024 வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். செயலியில் விளம்பரம் குறுக்கிடும் இலவசக் கணக்கைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டுக்கும் நடுவே வேறு எந்த ஒலியும் வரக்கூடாது.