ஹெயார் டொனிக்கா, தேங்காய் எண்ணெயா, கிறீமா? மலையகத்துத் தலைக்கு எது சரி?

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் விடியக்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். போத்தலை அடுப்படியில் வைத்து இளக்கி, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து, நெற்றியில் வழிய வழிய ஓடுகிற தம்பிமார் எங்கள் பக்கம் நிறையப் பேர். காலையில் தலை சீவுவதற்குத் தேங்காய் எண்ணெயை விட நல்ல வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது டொனிக், அதாவது முடியைப் படிய வைக்கப் பூசுகிற திரவம். எதற்காக, எந்த டொனிக் என்பதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் டொனிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று ஆல்கஹோல் சேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு காலம் சலூனுக்குச் சலூன் இருந்த வைட்டாலிஸ் இந்த வகை. பே இலை வாசத்தோடு வரும் பே ரம்மும் இதே வகைதான். மற்றது எண்ணெய் டொனிக். பெரும்பாலும் மினரல் ஒயில் என்ற பெற்றோலிய எண்ணெயும் வாசனையும்தான் அதில் இருக்கும். பழைய வாஸ்லின் ஹெயார் டொனிக் இதற்கு நல்ல உதாரணம். லேபிள் அழிந்துபோயிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தடவிப் பாருங்கள். சில்லென்று குளிர்ந்து, கொஞ்ச நேரத்தில் ஈரம் தெரியாமல் காய்ந்துவிட்டால் ஆல்கஹோல். ரோமம் எல்லாம் தோலோடு படிந்து மினுங்கிக்கொண்டே இருந்தால் எண்ணெய். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். தலைக்குப் போட்ட பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.

முதலில் தேங்காய் எண்ணெயோடு வைத்துப் பார்ப்போம். முடிக்கு உரம் என்று பார்த்தால் டொனிக் அதன் பக்கத்திலும் வராது. 2003இல் வெளியான ஒரு ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஒயில் மூன்றையும் முடியில் போட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கும். மினரல் ஒயில் மேலே படிந்து நிற்கும். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு இந்திய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் எங்கள் அம்மாமார் கையால் கண்டதற்கு அது ஒத்துத்தான் போகிறது.

ஆனால் அந்த நன்மை குளிப்பதற்கு முன் தேய்த்து ஊறவிடும்போது கிடைப்பது. காலையில் பூசிக்கொண்டு வெளியே போனால் முடி படிவதும் சரியாக இருக்காது, தூசியும் ஒட்டும். ஆகவே தேங்காய் எண்ணெயை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். பெரட்டு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்கு, இல்லாத நாள், வெந்நீர் வைக்கவும் நேரம் இருக்கும். உறைந்த எண்ணெயை நெருப்பில் காட்டாமல், போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கும் உறையாது என்பதால் மேட்டுத் தோட்டங்களில் சிலர் அதையே வைத்திருக்கிறார்கள். தீபாவளிக் குளியலுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. வாசம் நாள் முழுக்க நிற்குமே என்பதால் ஒபிஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது கிறீம். பிரில்கிறீம் 1928இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தது. எங்கள் தாத்தாமாரின் கலியாணப் போட்டோக்களில் மினுங்குகிற அந்த வாரிய தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு மூடிதான் நினைவுக்கு வரும். தண்ணீர், மினரல் ஒயில், தேன்மெழுகு சேர்ந்த கலவை என்பதால் பிடிப்பில் டொனிக்கை இது வென்றுவிடும். அடங்காத சுருட்டை முடி, பின்னுச்சியில் குத்திட்டு நிற்கிற சுழி, இவற்றுக்கெல்லாம் டொனிக் போதாது. கிறீம்தான் வேண்டும். குறை எங்கே வருகிறதென்றால் கழுவுவதில். மெழுகும் எண்ணெயும் வெறும் தண்ணீருக்குப் போகாது, ஷம்பு வேண்டும். ஹட்டன், தலவாக்கலைக் குளிரில் தினமும் தலைக்குக் குளிக்கிறவர் எத்தனை பேர்? நேற்றையதன் மேல் இன்றையது என்று ஏறி, தலையணை உறையும் சட்டைக் கொலரும் ஹெல்மெட்டின் உள்பஞ்சும் பிசுபிசுத்துப் போகும். எண்ணெய் டொனிக்கிலும் இது உண்டு. ஆனால் சில சொட்டுகளோடு வேலை முடிவதால் படிவது மிகக் குறைவு.

ஜெல்லைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் கரையும் பசை அது. நோர்வூட், மஸ்கெலியாத் தூறலில் பத்தடி நடந்தால் இளகி நெற்றிக்கு வரும். காய்ந்தால் வெள்ளைத் தூளாக உதிர்ந்து, பொடுகு இல்லாதவருக்கும் பொடுகு இருப்பதாகக் காட்டும்.

இனி டொனிக்கிலேயே எது என்ற கேள்வி. மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் காற்று ஒன்றில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும்போது, மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வரண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி வாசம் வருவதும் அந்தக் காற்றால்தான். பண்டாரவளை, ஹாலிஎலைக்காரருக்கு அந்த நேரம் உதடு வெடிக்கும், தலைத்தோலும் இழுக்கும். அதன்மேல் ஆல்கஹோல் டொனிக்கைப் போட்டால் இருக்கிற ஈரத்தையும் எடுத்துவிடும். அவர்களுக்கு எண்ணெய் டொனிக்கே நல்லது. மழைப்பக்கத்தில் இருப்பவர்களில், அதுவும் தலை சீக்கிரம் எண்ணெய் வடிகிறவர்களுக்கு, ஆல்கஹோல் டொனிக் தோதானது. விடியற்குளிரில் அது உச்சியில் பட்டதும் உடம்பே சிலிர்க்கும், அதைச் சகிக்க முடிந்தால் சரி. விறகடுப்பு எரிகிற இடத்தில் வைத்து அதைப் போடாதீர்கள், கையில் சிகரெட்டும் வேண்டாம். தீப்பற்றக்கூடிய சாமான். காம்பராவுக்குள் (லயன் அறைக்குள்) அடுப்பு பக்கம் என்றால் இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வந்து தலை சீவுங்கள்.

பொடுகு இருந்தால் கணக்கு மாறும். மலசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் பெருகுகிறது. "தல காஞ்சு போச்சு, அதான் பொடுகு" என்று சொல்லி மேலும் மேலும் எண்ணெய் வைக்கிறவர்கள் அதற்குத் தீனிதான் போடுகிறார்கள். எண்ணெயையும் எண்ணெய் டொனிக்கையும் நிறுத்திவிட்டு, கீட்டோகொனசோல் சேர்ந்த ஷம்புவைப் பாமசியில் கேட்டு வாங்குங்கள். ஈரத்தலையோடு கம்பளிக் குல்லா போடுகிற பழக்கத்தையும் விட்டால் நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முடி வளரும் என்று நம்பி டொனிக் வாங்காதீர்கள். தோட்டத்து இளைஞர்கள் உச்சி மெலிகிறதென்று பயந்து, சம்பளத்தில் ஒரு பங்கை வாசனைத் தண்ணீருக்குக் கொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. டொனிக் முடியைப் படிய வைக்கும், மினுக்கும், அவ்வளவுதான். தலையில் பூசி முடியை வளர்க்கும் என்று நிரூபணமான மருந்து மினொக்சிடில். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது, ஆண்களுக்கு 5 வீதக் கரைசல் உண்டு. பலன் தெரிய மாதங்கள் எடுக்கும், விட்டால் வளர்ந்ததும் போய்விடும். தொடங்கும் முன் வைத்தியரிடம் ஒரு பேச்சு கேட்பது அவசியம், முக்கியமாக இருதய வருத்தம் உள்ளவர்கள்.

டொனிக் போடும் விதத்திலும் பலர் தவறுகிறார்கள். காய்ந்த முடியில் ஊற்றக்கூடாது. தலையைத் துடைத்து, சொட்டுவது நின்று, ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது நான்கைந்து சொட்டை உள்ளங்கையில் விட்டு இரு கைகளையும் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு விரல் நுனிகளைத் தலைத்தோலில் ஊன்றி, தோல் அசையும்படி பிடரியிலிருந்து உச்சிக்குக் கொண்டுவாருங்கள். நெற்றி முடிக்குக் கையில் மிஞ்சியது போதும். முதலில் அங்கே தேய்த்தால் முகமெல்லாம் வழிந்து மினுங்கும். சீப்பு கடைசியில். ஆல்கஹோல் வகையென்றால் மூடியை உடனே இறுக்கிவிடுங்கள், திறந்து கிடந்தால் பாதி ஆவியாகிவிடும்.