குளிரில் நிற்கும் லாரி: ஃபில்டரா, டியூபா, ஸ்கேனரா, பம்ப் கடையா?

ஜனவரி விடியற்காலையில் ஜலந்தரில் நாலு தடவை நின்று டிரைவரின் உயிரை வாங்கிய லாரி, ஆரல்வாய்மொழி தாண்டி ஊருக்குள் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒர்க் ஷாப்பில் ஏற்றி ஒரு வாரம் வைத்திருந்தாலும் மறுபடி நிற்காது. ரப்பர் ஷீட் ஏற்றி வடக்கே போகிற குமரி மாவட்ட வண்டிகளுக்கு இந்தக் கோளாறில் உள்ள பெரிய தொல்லை இதுதான். பஞ்சாப் மெக்கானிக்குக் கோளாறும் குளிரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நமக்கு 3,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கோளாறு, இந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ மெக்கானிக். நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

அதனால் எந்த வழியில் கோளாறைக் கண்டுபிடிப்பது என்று ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது செலவை அல்ல. குளிர் இருக்கும் இடத்திலேயே, காலை ஐந்து மணிக்கு, டிரைவரும் கிளீனருமாகச் செய்ய முடியுமா? முடியாதென்றால், ஊருக்கு வந்தபிறகும் அதற்குத் தடயம் மிஞ்சியிருக்குமா? இந்த அளவுகோலில் பார்த்தால் வழக்கமான வரிசை தலைகீழாகிவிடுகிறது.

பொதுவாக நாலு வழி பேசப்படும்: டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்ப்பது, கண்ணாடி மாதிரி இருக்கிற டியூபைப் போட்டு டீசல் லைனில் ஏர் (காற்று) வருகிறதா என்று பார்ப்பது, வண்டியின் கம்ப்யூட்டர் பதிவைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டுவது, டீசலை அழுத்தும் பம்பையும் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலையும் (இன்ஜெக்டர்) கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்புவது. இந்த நாலுக்கும் முன்னால் காசில்லாத வழி ஒன்று உண்டு. டிரைவர் போன் செய்து "அண்ணாச்சி, வண்டி நின்னுட்டு" என்றதும், "எப்படி நின்னுது மக்கா, சட்டுன்னா, இழுத்து இழுத்தா?" என்று கேட்பது.

சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே அடியாக நின்றால் சந்தேகம் வயரிங் பக்கம் போக வேண்டும்: ரிலே, எர்த், இன்ஜின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சார், பழைய வண்டியில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலனாய்டு. திணறி, ஏறி இறங்கி, இழுவை குறைந்து நின்றால் டீசல் வரத்தில் கோளாறு. அதிலும் ஸ்டார்ட் ஆன அரை நிமிஷத்துக்குள் நின்று, லைனில் டீசலைக் கையால் ஏற்றுகிற கை பம்ப் அடித்தால் மட்டும் திரும்ப ஓடினால் பெரும்பாலும் ஏர். சில நிமிஷம் நன்றாக ஓடி, ரோட்டில் ஏறி லோடு இழுக்கும்போது படுத்தால் ஃபில்டர் அடைப்பு, அல்லது டீசல் உறைவு. ஐடிலிங்கில் மட்டும் நின்று, ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருந்தால் நிற்காமல் ஓடினால் வெப்ப சென்சாரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். இவ்வளவும் போனிலேயே தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் "ஃபில்டரை மாத்துப்பா" என்று சொல்லிவிடுவதுதான் நம் ஓனர்களின் பழக்கம்.

ஃபில்டர் மாற்றுவது

எல்லாரும் முதலில் செய்வது இதுதான். நிவாரணமாகப் பார்த்தால் தப்பே இல்லை. கோளாறு பார்க்கும் வழியாகப் பார்த்தால் மோசம். ஏனென்றால், ஃபில்டர் மாற்றினால் கை பம்ப் அடித்து ஏர் எடுத்தே ஆக வேண்டும். லைனில் ஏர் பிடித்திருந்தால் அதுவும் அந்த நேரத்துக்குச் சரியாகிவிடும். அதற்குள் வெயிலும் ஏறிவிடும். வண்டி ஓடும், பெயர் புது ஃபில்டருக்குப் போகும். அடுத்த நாள் காலை அதே கதை.

உண்மையில் பார்க்க வேண்டியது பழைய ஃபில்டரை. அதில் இருக்கும் டீசலை அப்படியே ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டும். மொத்த டீசலும் மங்கலாக, பால் கலந்த மாதிரி இருந்து, வெயிலில் வைத்ததும் தெளிந்தால் மெழுகு. அடியில் தனியாகக் கோடு விழுந்து தங்கினால் தண்ணீர். கறுப்பாகக் கசடு இறங்கினால் டேங்க் அழுக்கு, குளிருக்கு அதில் பங்கு குறைவு. ஃபில்டர் காகிதத்தின் மேல் வெளிறிய கொழகொழப்பு ஒட்டியிருந்து, விரலால் தேய்த்தால் உருகினால் அதுவும் மெழுகுதான். பத்து நிமிஷ வேலை. பாட்டில் ஊர் வந்து சேர்வதற்குள் தெளிந்துவிடும், ஆகவே அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

புது ஃபில்டரில் டீசலை நேராக நடு ஓட்டையில் ஊற்றி நிரப்பி மாட்டுகிற வழக்கம் காமன் ரெயில் வண்டிக்கு (ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிப் பீய்ச்சும் புது வகை) ஆகாது. அது வடிகட்டிய பக்கம். ஊற்றுகிற டீசலில் இருக்கும் தூசி நேரே இன்ஜெக்டருக்குப் போகும். காலியாக மாட்டி, கை பம்ப் அடித்தே நிரப்ப வேண்டும்.

டீசல் உறைவதைத் தென்னை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்கழியில் குப்பியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. டீசலில் உள்ள மெழுகு முதலில் மங்கலாகத் தெரியும், அப்புறம் ஃபில்டரை அடைக்கும். இந்திய டீசல் தரமான ஐஎஸ் 1460, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6 டிகிரி, மற்ற மாதங்களில் 18 டிகிரி. இது வரம்புதான், வருகிற டீசல் பல நேரம் அதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பஞ்சாபில் விடியற்காலை 6 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும். அதை ஜலந்தர் பங்கில் எதிர்பார்க்க முடியாது.

இதில் ஒரு வழக்கமான புகாரையும் தள்ளிவிடலாம். "நாகர்கோவில் டீசல்தான் அங்கே உறைஞ்சுபோச்சு" என்பார்கள். 300 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 1,200 கிலோமீட்டர். ஹைதராபாத்தை ஒட்டியே அது தீர்ந்துபோகும். இரண்டு டேங்க் வண்டியோ, பேரலில் டீசல் கொண்டுபோகிற வண்டியோ என்றால்தான் அந்தப் புகாருக்கு அர்த்தம் உண்டு. வழியில் எங்கே நிரப்பினார், கடைசியாகக் குளிர் பிரதேசத்தில் நிரப்பினாரா என்பதைக் கேட்க வேண்டும்.

டியூப்

என் ஓட்டு இதற்குத்தான். கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபில் ஒரு முழம், இரண்டு கிளிப், அவ்வளவுதான் சாமான். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்புக்கு வருகிற லைனில், பம்புக்கு முன்னால், இருக்கிற டியூபுக்குப் பதிலாக இதைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். டீசல் கம்பி மாதிரி நிறைந்து போனால் நல்லது. பாசிமணி கோத்தது போல் குமிழி ஓடினால் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. குமிழி மொத்தமாகச் சேர்ந்து வரும் நொடியில் இன்ஜின் திணறுவதைக் கண்ணால் பார்க்கலாம், செல்போனில் வீடியோவும் எடுக்கலாம். அந்த வீடியோ ஊருக்கு வந்தபிறகும் சாட்சி சொல்லும். மற்ற மூன்று வழிகளில் இவ்வளவு தெளிவான சாட்சி எதுவும் கிடைப்பதில்லை.

"டீசல் ஒழுகவே இல்லையே, எப்படி ஏர் வரும்?" என்று கேட்பார்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். குளிரில் ஓ-ரிங்கும் (ஜாயிண்டை அடைக்கும் ரப்பர் வளையம்) ரப்பர் டியூபும் சுருங்கி விறைத்துப்போவதால் இடைவெளி திறக்கும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். இரவில் அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து லைனில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடும். காலையில் ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருப்பதை வைத்து ஸ்டார்ட் ஆகி, ஏர் வந்து சேர்ந்ததும் நிற்கும். இது நம் ஊரில் வராமல் அங்கே மட்டும் வருவதற்கும் அதுதான் காரணம். டேங்க் நிறைய இருக்கும் நாளில் வராமல், பாதிக்குக் கீழே இறங்கினால் வருகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

குமிழி வந்துவிட்டால் அடுத்தது கேன். ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரமாக வைத்து, தனி டியூபில் நேரே ஃபீட் பம்புக்குக் கொடுக்க வேண்டும். வண்டி நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க், லைன், முதல் ஃபில்டர் இவற்றுக்குள். அதிலும் டீசல் உள்ளே போகிற ஓட்டையுள்ள பாஞ்சோ போல்டின் வாஷர், ஃபில்டர் தலையின் ஓ-ரிங், டேங்குக்குள் இறங்குகிற பைப்பில் கீறல் என்று வரிசையாகப் போகலாம். டேங்குக்குள் இருக்கும் பைப் கீறலை ஆளாளுக்கு மறந்துவிடுவார்கள், அது வெளியே தெரியாது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. டியூப் போடுவது தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும். காமன் ரெயிலின் உயர் அழுத்த லைனில் 1,600 பாரும் அதற்கு மேலும் வரும். அது கசியும் இடத்தில் கையை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வாரண்டியில் இருக்கிற வண்டியில் லைனை வெட்டவே கூடாது. மெழுகையும் டியூப் காட்டாது. அங்கே டீசல் நிறைந்தே தெரியும், நிற்பது ஃபில்டரில்.

ஃபில்டர் மேல் வெந்நீர் ஊற்றிப் பார்ப்பதும் இதற்குப் போட்டியாகச் சொல்லப்படும் வழி. வண்டி பிழைத்தால் கோளாறுக்கும் குளிருக்கும் சம்பந்தம் உண்டு என்பது மட்டும் உறுதியாகும். மெழுகு கரைந்ததா, ஓ-ரிங் விரிந்ததா என்று பிரித்துச் சொல்லாது. டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பதும் பழைய காலத்துக் கைவைத்தியம். பம்புக்கு வழவழப்பு குறையும், ரேஷன் மண்ணெண்ணெய் என்றால் சட்டப்படியும் தப்பு.

ஸ்கேனர்

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு இது உதவாது. பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற புகை விதிகளின்படி வந்த புது வண்டிகளுக்கு உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. குளிரில் நின்ற வண்டியில் அடிக்கடி வருவது ரெயில் அழுத்தம் குறைவு என்கிற பி 0087 வகைக் கோளாறு எண். ஏர் பிடித்தாலும், மெழுகு அடைத்தாலும், ஃபில்டர் அழுக்கானாலும், பம்ப் தேய்ந்தாலும் அதே எண்தான். எண்ணைப் படித்துவிட்டு "பம்ப் போச்சு" என்று சொல்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

ஸ்கேனர் ஜெயிக்கிற இடம் சட்டென்று நிற்கிற வண்டி. அங்கே டியூப் ஒன்றும் சொல்லாது. இன்னொரு நல்ல பயன்: இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட், காற்று, டீசல் மூன்றின் வெப்பநிலையையும் பார்ப்பது. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் 7 டிகிரி காட்ட, கூலன்ட் மட்டும் 40 காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) குளிருக்கு வேண்டிய டீசலைக் கொடுக்காது. இந்தச் சோதனையை நம் ஊரில் காலையிலும் செய்யலாம். கோளாறு பதிவாகி இருந்தால் ஊர் வரும்வரை யாரும் அழிக்கக் கூடாது. வழியில் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டாலும் சில வண்டிகளில் பதிவு போய்விடும்.

பம்ப் கடை

செலவு அதிகம், குளிர்க் கோளாறுக்குப் பலன் குறைவு. பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டும்போது அதற்கான எண்ணெயை 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கித்தான் ஓட்டுவார்கள். 5 டிகிரியில் வருகிற கோளாறு அங்கே எப்படித் தெரியும்? தேய்ந்த இன்ஜெக்டர் ரிட்டர்ன் (டேங்குக்குத் திரும்பும் டீசல்) அதிகமாக விடுவதும் டீசல் சூடாகி மெலியும்போதுதான் கூடும். அந்த வண்டி மதியம் டீ குடிக்க நிறுத்தி எடுக்கும்போது தகராறு செய்யும். காலையில் மட்டும் தகராறு செய்கிற வண்டி வேறு. டியூபில் குமிழியே இல்லை, ஃபில்டர் சுத்தம், அப்படியும் ரெயில் அழுத்தம் ஏறவில்லை என்றால் மட்டும் பம்ப் கடை.

ஊருக்கு வந்தபிறகு

அங்கே ஒன்றும் பார்க்காமல் வந்துவிட்ட வண்டிக்கு நம் மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது: மீன் ஐஸ். சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ பொடித்த ஐஸ் வாங்கி, சாக்கில் கட்டி, ஃபில்டர் தலையையும் உறிஞ்சும் லைனின் ஜாயிண்டுகளையும் சுற்றி இரண்டு மணி நேரம் வைத்து, டியூபோடு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். விறைத்த ஓ-ரிங் அங்கே இருந்தால் குமிழி வரும். வராவிட்டால் அந்த ஜாயிண்ட் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது, வண்டி முழுக்கவும் டேங்கும் குளிரவில்லையே. டேங்க் டீசலை ஒரு குப்பியில் எடுத்து, தெர்மாமீட்டரோடு ஐஸில் இறக்கி, எத்தனை டிகிரியில் மங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளலாம். ஐஸிலேயே மறந்துவிட்டு மறுநாள் பார்த்து "உறைஞ்சுட்டு" என்று சொன்னால் பயனில்லை, பூஜ்ஜியத்தில் நல்ல டீசலும் மங்கத்தான் செய்யும். வீட்டு ஃபிரிஜ்ஜில் வைக்கிற யோசனை உள்ளவர்கள் அதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் டியூப் முதலில், திறந்து பார்த்த ஃபில்டர் இரண்டாவது. பிஎஸ் 6 வண்டிக்குத் திறந்து பார்த்த ஃபில்டரும் ஸ்கேனரும் சேர்ந்து முதலில், வாரண்டி முடிந்திருந்தால் டியூப் அடுத்து. இரண்டிலும் பம்ப் கடை கடைசி. அக்டோபர் முடிவதற்குள் வடக்கே லோடு எடுக்கிற வண்டியின் கேபினில் ஒரு முழம் லெவல் டியூப், கிளிப், ஒரு செட் ஃபில்டர், அதன் ஓ-ரிங், ஒரு காலி பாட்டில் வைத்துவிட வேண்டும். நின்ற வண்டியின் பழைய ஃபில்டரை அங்கேயே வீசாமல், பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவரும்படி டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும்.